எஸ்னாவில் போட்ட குலவை

அக்காவுக்குச் சந்தோஷம் வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியது நாங்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் பட்டது போதும்.

துபாய் அல் கூஸில் கம்பெனி ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற பட்டறை அது. அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்ப்பவள், துணி வெட்டுகிற மேசையில். நான் சட்டைப்பையில் கம்பெனிப் பெயரை எம்பிராய்டரி போடுகிற மெஷினில். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் கரண்ட் போய்விட்டது. ஆகஸ்ட் மாதம், தகரக் கூரை, நாற்பது பேர். இரண்டு மணி நேரம் இட்லிக் குண்டானுக்குள் இருக்கிற மாதிரி வெந்தோம். கரண்ட் வந்து ஏசி உறுமிய அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள்! உலுலுலுலுலு என்று, மூச்சே விடாமல். யாருடைய கையோ மெஷினில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து நான் ஸ்டூலோடு விழுந்தேன். இஸ்திரி போடுகிற பெஷாவர் பாய் பெட்டியைச் சட்டைமேல் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். சட்டை தீய்ந்து புகை வர, சூப்பர்வைசரம்மா தீயணைப்பு மணியை அமுக்கிவிட்டாள். நாற்பது பேரும் வெயிலில் போய் நின்றோம்.

“ஒண்ணுமில்ல ஆத்தா,” என்றாள் அக்கா என்னைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக. “கரண்டு வந்துருச்சுல்ல. அதான் ஒரு கொலவ போட்டேன்.”

நான் ராயபுரத்துக்காரி. எங்கள் பக்கம் சந்தோஷம் வந்தால் விசில் அடிப்போம், பட்டாசு வெடிப்போம். அக்காவுக்குச் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே முளைப்பாரி எடுத்தால் குலவை, பொங்கல் பொங்கினால் குலவை, பிள்ளை பிறந்தால் குலவை. அக்கா அதை அப்படியே மூட்டை கட்டித் துபாய்க்குக் கொண்டுவந்துவிட்டாள். கம்பெனி பஸ் நேரத்துக்கு வந்தால் ஒன்று. ரூமில் லிஃப்ட் ரிப்பேர் சரியானால் ஒன்று. நேபாளத்துப் பெண் ஒருத்தி ஆறாவது முறை டிரைவிங் டெஸ்ட்டில் பாஸான அன்று, அந்த ஆபீஸ் வாசலிலேயே போட்டாள், செக்யூரிட்டி ஓடிவந்து, “க்யா ஹுவா மேடம்?” என்று கேட்டான். என் விசா ஸ்டாம்ப் ஆகி வந்த அன்று போட்டது மூன்று. பெரிய காரியத்துக்கு மூன்றுதான் கணக்காம், ஒன்றோடு விடக்கூடாதாம். எங்கள் தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: ‘ரூமில் கூச்சல் போடக்கூடாது.’ அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “கூச்சல் யாருடி போடுறா? பாவம், அவரு வேற யாரையோ சொல்றாரு,” என்றாள்.

இப்படிப்பட்ட மனுஷி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வெல்டராக இருந்தவர், லீவில் ஊருக்கு வந்த இடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடுத்த வருடம் தம்பி மகளுக்குச் சடங்கு. அக்கா துபாயிலிருந்து பெட்டி நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பிள்ளையை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றப்போகிற நேரம். எல்லாப் பெண்களும் குலவை போட வாயெடுக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி வந்து தோளைத் தொட்டு, “மதினி, நீங்க செத்த உள்ள இருங்களேன்,” என்றாளாம்.

“நல்ல காரியத்துல நான் வாயத் தெறந்தா வெளங்காதாம்டி. சரின்னு அடுப்படியில போயி உக்காந்துட்டேன். வெளிய கொலவச் சத்தம். எனக்கும் நாக்கு துடிக்குது. கடிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள். பிறகு சிரித்தாள். “இங்க எவளுக்குத் தெரியும் நான் யாருன்னு? அதான் வட்டியும் மொதலுமா போடுறேன்.”

அந்தத் தம்பி பெண்டாட்டி மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! சரி, விடுங்கள்.

எகிப்து எங்கள் வாழ்க்கையில் வந்தது துணி இறக்க வந்த லாரியில். அந்த டிரைவர் எகிப்துக்காரர். அன்று ஏதோ ஒரு பெரிய ஆர்டர் முடிந்து கடைசி அட்டைப்பெட்டியை ஒட்டினோம், அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாம் காதைப் பொத்த, இந்த மனுஷன் மட்டும் துணி உருளையைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார். கல்யாணம் மாஃபி, ஆர்டர் கலாஸ், அதாவது கல்யாணம் இல்லை, ஆர்டர் முடிந்தது என்று விளக்கினேன். அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அவர் ஊரிலும் பெண்கள் இதே சத்தம் போடுவார்களாம். ஸக்ரூத்தா என்று பெயராம். அவர் அம்மா போட்டால் நைல் ஆற்றின் அந்தக் கரைக்குக் கேட்குமாம்.

“அங்கயுமா?” என்றாள் அக்கா. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

ஈத் லீவோடு இரண்டு நாள் சேர்த்து எட்டு நாள் வாங்கினோம். டூர் கம்பெனி வேண்டாம், அவர்கள் பொம்மைக் கடைக்குத்தான் கூட்டிப்போவார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள். கெய்ரோ வரைக்கும் பிளேன், அங்கிருந்து ரயிலும் வேனுமாகத் தெற்கே எஸ்னா என்கிற ஊருக்கு. அங்கே டிரைவரின் தங்கை வீடு இருந்தது. அவர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பிரமிடைப் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். “அது எங்கடி போகப்போகுது? நான் கொலவ போடுற பொம்பளைங்களப் பாக்கணும்.” கடைசியில் டாக்ஸி ஜன்னல் வழியாக ஒரு பிரமிடின் முக்கால்வாசியைப் பார்த்தேன். மீதிக் கால்வாசியை ஒரு பால் விளம்பரம் மறைத்துவிட்டது.

ரயிலில் ஏறியதுதான் தாமதம், அக்கா ஊர்க்காரி ஆகிவிட்டாள். எள் ஒட்டிய வளைய ரொட்டி, டீ, சூரியகாந்தி விதை, எது வந்தாலும் வாங்கி முன்சீட்டுக்குப் பங்கு வைத்தாள். அவர்கள் கொடுத்ததை எல்லாம் தின்றாள். ரூமில் கட்டி எடுத்துவந்த புளியோதரையை ஒரு பெண்ணுக்கு ஊட்டியே விட்டாள். அந்தப் பெண் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் விழுங்கிவிட்டு, நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாள். நல்ல ஜனங்கள். பேச்சுதான் தகராறு. துபாயில் பட்டறைக்குள் நாங்கள் பேசுவது பாதி அரபி, பாதி இந்தி, மேலே கொஞ்சம் கை. எது எந்தப் பாஷை என்று எங்களுக்கே தெரியாது. “மாஃபி முஷ்கில், ஜல்தி ஜல்தி, அச்சா,” என்று அக்கா டிக்கெட் பரிசோதகரிடம் முழங்கினாள். அவர் பக்கத்துப் பெட்டியிலிருந்து இன்னொருவரையும் கூட்டிவந்து கேட்கவைத்தார்.

எஸ்னா ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நம்ம ஊர் ஆட்டோ நின்றது. அதே மூக்கு, அதே சத்தம். அக்கா நடுரோட்டில் நின்று போட்டாள் பாருங்கள் ஒரு குலவை! நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் எதிர்க்கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு அங்கிக்காரி நிமிர்ந்து பார்த்தாள், கையை வாய்க்கு மேலே குவித்தாள், திருப்பிப் போட்டாள். அதே உலுலுலு. அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. “நம்ம பயமக்கடி! நம்ம பயமக்க!” என்று என் தோளை உலுக்கினாள்.

டிரைவரின் தங்கையை அந்தத் தெருவில் உம் ஹனான் என்றுதான் கூப்பிடுவார்கள், ஹனானின் அம்மா என்று அர்த்தம். ஹனான் ஒரே மகள். வடக்கே கெனா நகரத்தில் நர்ஸிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி. வீட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், அதனால் அவளும் நானும்தான் இரண்டு பக்கத்துக்கும் வாய். முதல் இரண்டு நாள் திருவிழாதான். அக்கா அவர்கள் அடுப்படியில் புகுந்துவிட்டாள். கீரையை இரட்டைப் பிடிக் கத்தியால் கொத்தக் கற்றுக்கொண்டாள். பதிலுக்கு அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள். ஹனானின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, இது மருந்தா என்று மரியாதையாகக் கேட்டார்.

மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முன்னறையில் ஆண்கள், திரைக்கு இந்தப் பக்கம் நடுவறையில் பெண்கள். ஹனான் அடுப்படியில் என் காதோடு சொன்னாள்: பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் குவைத்தில் வேலை. கல்யாணம் முடிந்தால் உடனே கூட்டிப்போய்விடுவார்கள், படிப்பு அத்தோடு சரி.

“உனக்கு இஷ்டமா?”

“நான் படிப்பை முடிக்கணும். அப்பாவும் என் பக்கம்தான். பரீட்சை முடியட்டும், அடுத்த வருஷம் பேசலாம்னு இன்னைக்கு நயமா சொல்லிடுவார். பெரிய குடும்பம், முகம் கோணாம சொல்லணும்,” என்றாள். டீக் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினாள்.

இதை அக்காவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளை ஒரு வேலையில் உட்காரவைத்திருந்தார்கள்: விருந்தாளிகளுக்குப் பால்சோறு. பெரிய அலுமினியப் பானை, திக்கான எருமைப்பால், கழுவிய அரிசி பக்கத்தில். யோசித்துப் பாருங்கள். அக்கா முன்னால் பானை, பால், பச்சரிசி. அவள் கண்ணை எடுக்கவே இல்லை. பால் ஏடு கட்டி, ஓரம் நுரைத்து, மெல்ல மேலே வந்தது. உம் ஹனான் அடுப்பைத் தணிக்கக் கையை நீட்டினாள். அதற்குள் பொங்கி, பானை கழுத்தைத் தாண்டி, அடுப்பில் வழிந்துவிட்டது.

அக்கா குலவை போட்டாள்.

ஒன்றல்ல, கணக்குப்படி மூன்று.

முதல் குலவைக்கு அடுத்த வீட்டு மாடியிலிருந்து பதில் வந்தது. இரண்டாவதுக்கு எதிர்வீடு. மூன்றாவதுக்குத் தெருவே பிடித்துக்கொண்டது. நடுவறையில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று போட்டாள். பிள்ளைகள் “மப்ரூக்! மப்ரூக்!” என்று வாழ்த்துச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடின. பக்கத்து வீட்டுப் பெண்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உம் ஹனானைக் கட்டிப்பிடித்தார்கள். அக்கா ஆனந்தமாக என்னைப் பார்த்தாள். “பாத்தியாடி? பால் பொங்குனா இங்கயும் ஊரே வருது!”

நான் ஹனானைப் பார்த்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“பெண் கேட்டு வந்த வீட்டில் ஸக்ரூத்தா கேட்டால் ஒரே அர்த்தம்தான்,” என்றாள். “பேசி முடிச்சு, நிச்சயத்துக்கான ஃபாத்திஹா ஓதியாச்சு. பெண் வீட்டுக்குச் சம்மதம்.”

அடுப்படி வாசலில் அவள் அப்பா வந்து நின்றார். கோபம்கூட இல்லை, திகைப்பு. இனி அவர் எப்படி இல்லையென்று சொல்வார்? பெண் வீட்டிலிருந்தே சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிட்டு, பிறகு மறுத்தால் வந்தவர்கள் தலைகுனிய வேண்டியதுதான். இது இந்தியாக்காரி தெரியாமல் போட்டது, பாலுக்குப் போட்டது என்று சொல்லிவிடலாமே என்றேன். “பாலுக்கா?” என்றாள் ஹனான். “யார் நம்புவாங்க? ஸக்ரூத்தான்னா கல்யாணம் இருக்கணும்.” அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. “வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டியாக்கா? ஒரு பொண்ணு படிப்பு போச்சு!”

அவள் முகம் சுருங்கிப்போனது. வழிந்த பாலையே பார்த்தாள். “வெளங்காதுன்னு சொன்னாக,” என்றாள். “சரியாத்தான் சொல்லிருக்காக. அவுகளத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே.”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெளியே பெண்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டில் ஹனான் பெயர் வந்தது. அது காதில் விழுந்ததும் அக்கா நிமிர்ந்தாள்.

“கல்யாணம்தான இருக்கணும்? பொண்ணு யாரா இருந்தா என்ன?”

“என்னக்கா சொல்ற?”

அக்கா கையைக் கழுவினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், விறுவிறுவென்று நடுவறைக்குப் போனாள். நானும் ஹனானும் பின்னாலேயே ஓடினோம். கூட்டத்துக்கு நடுவில் நின்று, திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி நெஞ்சில் தட்டிக்கொண்டு அறிவித்தாள்:

“அனா! அனா ஷாதி!”

பாட்டு நின்றது. ‘நான்’ என்பதற்கு அவள் அரபியைப் பிடித்துவிட்டாள். ‘கல்யாணம்’ என்பதற்கு வாயில் வந்தது இந்தி. அந்த ஊரில் ஷாதி என்பது ஆண்பிள்ளைப் பெயராம்! ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம், “இவள் பெயர் ஷாதியா?” என்று கேட்டதை ஹனான் பிறகு சொன்னாள். இன்னொருத்தி, “இல்லை, ஷாதி என்று யாரையோ தேடுகிறாள்,” என்றாளாம். அக்கா விடவில்லை. “அனா ஷாதி! ஹனான் மாஃபி ஷாதி!” என்று விரலை ஆட்டினாள். திரைக்குப் பின்னால் நிஜமாகவே ஷாதி என்று ஒருவர் இருந்திருக்கிறார். “என்னையா கூப்பிடுகிறார்கள்?” என்று எழுந்து வந்துவிட்டார்.

ஹனான் கெட்டிக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “கல்யாணப் பெண் இவங்கதான்! இப்போதான் போன் வந்தது, இவங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. அந்தச் சந்தோஷத்தில் போட்டுட்டாங்க!” என்று அரபியில் ஒரே மூச்சில் சொன்னாள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ஐம்பது வயது, காதோரம் நரை, புடவையில் பால். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கிட்ட வந்து, அக்காவின் மோவாயைப் பிடித்து, மெதுவாக ஒன்று கேட்டாள்.

“மாப்பிள்ளை பேர் என்னன்னு கேக்குறாங்க,” என்றாள் ஹனான். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அக்கா வாயைத் திறந்தாள். அறையே காத்திருந்தது. ஏதாவது ஒரு பெயர் சொல்லுக்கா, முருகன், ஆறுமுகம், எவனாவது! நான் அவள் முழங்கையை இடித்தேன்.

“கருப்பையா,” என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வீட்டுக்காரர் பெயர் அது. அவள் ஊரில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஃபாரம் நிரப்புகிற இடத்தில்கூடச் சொல்லாமல், பழைய பாஸ்போர்ட்டை நீட்டி விரலால் தொட்டுக் காட்டித்தான் என்னை எழுதவைப்பாள். அவர் இருந்தபோதும் சொன்னதில்லை, போன பிறகும் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு அவளே அதிர்ந்துபோய் நின்றாள். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. வெட்கத்தில் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தேகம் போய்விட்டது. இப்படி வெட்கப்படுகிறவள் பொய் சொல்வாளா? அந்த அம்மாவே கையை வாய்க்கு மேலே குவித்து முதல் குலவையைப் போட்டாள். பிறகு சொல்லவேண்டுமா! கூரை பறந்தது. முன்னறையில் ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஹனானின் அப்பா தான் நினைத்திருந்ததை நயமாகச் சொல்லி முடித்துவிட்டார்: பரீட்சை முடியட்டும், அடுத்த வருடம் பேசலாம். வந்தவர்கள் முகம் கோணவில்லை. சந்தோஷத்தில் இருக்கிற வீட்டில் யார் முகம் கோணுவார்கள்?

அக்காவைத்தான் விடவில்லை. பிடித்து நடுவில் உட்காரவைத்து, ஒருத்தி மருதாணி குழைத்துவந்தாள், ஒருத்தி பானைவாய் மேளத்தைக் கொண்டுவந்தாள். ஹனான் அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தானே மருதாணி வைத்தாள். கல்யாணப் பாட்டில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துப் பாடுவார்களாம். அவர்களுக்கு நம்ம அழுத்தமான ‘ப்ப’ வராது. நாற்பது பெண்கள் கைதட்டி, மேளம் அடித்து, “யா கரூபாயா! யா கரூபாயா!” என்று பாடினார்கள். தெருவில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடின. மாடியில் நின்றவர்கள் திருப்பிப் பாடினார்கள்.

அக்கா இரண்டு கையையும் மருதாணியோடு விரித்து வைத்திருந்தாள். சிரித்தாள், கண்ணீர் ஓடியது, துடைக்கக் கை இல்லை. நான்தான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கியபோது, அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

“ஏண்டி,” என்றாள், “இன்னொரு தடவ பாடச் சொல்லுடி.”